புதிரைத் திருத்த எது கைகொடுக்கும்? சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஓர் ஒப்பீடு

வியாழக்கிழமை இரவு 9 மணி. ஐந்தாம் ஆண்டு தமிழ்மொழி இணையப் புதிரில் (குவிஸ்) 7-ஆம் கேள்விக்குச் சரியான விடை 'ஆ'. கணினியிலோ 'இ' சரி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 31 பிள்ளைகள் விடையை அனுப்பிவிட்டார்கள். புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு தாயார் கேட்கிறார்: "டீச்சர், ஏழாவது கேள்விக்குப் பிள்ளை போட்டது சரிதானே, ஏன் தப்புன்னு வருது?"

அந்த நேரத்தில் ஆசிரியரால் என்ன செய்ய முடிகிறது? விடையை மாற்ற முடியுமா? மாற்றினால் ஏற்கெனவே அனுப்பிய 31 பேரின் மதிப்பெண்ணும் மாறுமா? கேள்வியையே தூக்கிவிட வழி உண்டா? கூகுள் ஃபார்ம்ஸ், மூடுல் இரண்டையும் முதன்மையாக எடுத்துக்கொள்ளும் இந்த ஒப்பீடு முழுக்க இதைச் சுற்றியே போகிறது. கேள்வியைத் தட்டி உள்ளே ஏற்றுவது எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒரே பாடுதான். திருத்தும்போதுதான் அவற்றின் குணம் தெரிகிறது. ஆசிரியர்களின் இரவுத் தூக்கம் போவதும் அங்கேதான்.

யாருக்கான முடிவு இது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில், ஹீவுட், டோவன்பி என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவர்களுக்கு மேல் இல்லாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர். ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு ஆண்டு முழுக்க நடக்கும் வகுப்பறை மதிப்பீட்டுக்கு எடை கூடிவிட்டது. வாரம் ஒரு புதிர் வேண்டும். அதைத் தனி ஒருவராக எழுதிக்கொண்டே இருக்க எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே நான்கைந்து பள்ளி ஆசிரியர்கள் கேள்விகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றுவார்.

மாணவர் பக்கமும் ஒரு நிலைமை உண்டு. செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் திறன்பேசி பிள்ளையின் கைக்கு வரும். அந்தத் திறன்பேசி அப்பாவின் மின்னஞ்சலில் திறந்திருக்கும். தோட்டத்து உள்வரிசை வீடுகளில் இணையம் வரும், போகும். இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காத எந்தத் தேர்வும் ஒரு மாதத்தில் கைவிடப்படும்.

கூகுள் ஃபார்ம்ஸ்

கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கூகுள் கணக்கு எல்லா ஆசிரியர்களிடமும் இருப்பதால் முதலில் கை போவது இதற்குத்தான். அமைப்புகளில் 'மேக் திஸ் எ குவிஸ்' என்பதைத் திறந்துவிட்டால் போதும். கேள்விக்குக் கேள்வி விடைக்குறிப்பும் மதிப்பெண்ணும் கொடுக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி: நான்கு விடைகளை வேர்டிலோ நோட்பேடிலோ தனித்தனி வரிகளாக வைத்து நகலெடுத்து முதல் விடைப் பெட்டியில் ஒட்டினால், அவை நான்கு பெட்டிகளாகத் தாமே பிரிந்துகொள்ளும். 20 கேள்விப் புதிரில் இது 60 தனி ஒட்டல்களை மிச்சப்படுத்துகிறது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். முதலில் கேள்வியைத் திறந்து 'ஆன்சர் கீ'யில் விடையைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு 'ரெஸ்பான்சஸ்' பகுதியில் 'குவெஸ்டியன்' தாவலுக்குப் போய் 7-ஆம் கேள்வியைத் தேர்ந்தெடுக்கவும். ஒரே விடையைத் தந்தவர்கள் ஒரே கட்டாக நிற்பார்கள். 'ஆ' கட்டுக்கு முழு மதிப்பெண்ணும் 'இ' கட்டுக்குச் சுழியும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கேயே போட்டுச் சேமிக்கலாம். 31 பேரையும் தனித்தனியாகத் தொட வேண்டியதில்லை. எளிமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் விடைத் தெரிவின் எழுத்துகளில் கை வைத்தால் கதை மாறும். ஃபார்ம்ஸ், பிள்ளை தந்த விடையை அந்த எழுத்துகளாகவே பதிவு செய்கிறது. 'வலிமிகும்' என்ற தெரிவில் ஒற்றுப்பிழையைக் கண்டு பாதியில் திருத்தினால், கூகுள் ஷீட்டில் முந்திய 31 பேருக்கு ஒரு வடிவமும் பிந்தியவர்களுக்கு இன்னொரு வடிவமும் இருக்கும். ஷீட்டில் எண்ணிக்கை எடுப்பவர் இரண்டையும் வேறு விடைகளாக எண்ணிவிடுவார். எனவே புதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்வி வாசகத்தைத் தொடலாம், மதிப்பெண்ணைத் தொடலாம், தெரிவின் எழுத்தை மட்டும் தொடக்கூடாது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

தோட்டப்புறத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு வேறொன்று. டெலிமா கணக்கில் உருவாக்கிய படிவம், அதே அமைப்பின் கணக்குடையோர் மட்டும் திறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு இருக்கக்கூடும். அப்பாவின் சொந்த ஜிமெயிலில் இருக்கும் திறன்பேசியில் 'அனுமதி தேவை' என்று வந்து நின்றுவிடும். இணைப்பை அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, சொந்தக் கணக்குள்ள ஒரு திறன்பேசியில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மின்னஞ்சலைக் கொண்டு மாணவரை அடையாளம் காண்பதும் இங்கே சரிப்படாது; அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் அனுப்புவார்கள். பெயரைத் தட்டச் சொன்னாலும் ஒரே பிள்ளை நான்கு வாரத்தில் நான்கு விதமாக எழுதும். வகுப்புப் பெயர்ப்பட்டியலைக் கீழ்விரி தெரிவாக முதல் கேள்வியில் வைப்பதே ஒழுங்கு. கேள்வி வரிசையைக் கலைக்கும் அமைப்பைப் பயன்படுத்தினால், அந்தப் பெயர்க் கேள்வியை முதல் பகுதியில் தனியாக வைக்க வேண்டும். இல்லையேல் பெயர் 13-ஆவது கேள்வியாகப் போய் உட்காரும்.

ஃபார்ம்ஸின் உண்மையான குறை, கேள்வி வங்கி இல்லாமை. பழைய படிவத்திலிருந்து கேள்விகளை இறக்குமதி செய்யலாம், உண்மைதான். ஆனால் அது நகல். மூலத்தில் பிழை திருத்தினால் நகலுக்கு வராது. ஐந்து ஆசிரியர்கள் ஒரே கேள்வியை ஐந்து படிவங்களில் வைத்திருந்தால், பிழையும் ஐந்து இடத்தில் வாழும். 60 கேள்வியிலிருந்து ஆளுக்கு 10 என்று தானாகப் பொறுக்கிக் கொடுக்கவும் அதற்குத் தெரியாது.

மூடுல்

மூடுல், இணையத்தில் பாடமும் புதிரும் நடத்த உதவும் இலவச மென்பொருள். ஆனால் அதை நிறுவ ஒரு வழங்கியும் (சர்வர்), அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். 'பார்த்துக்கொள்ள ஓர் ஆள்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடுல் தளம் சாவது பெரும்பாலும் மென்பொருளால் இல்லை; அதைத் தெரிந்த ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போவதால்தான்.

திருத்தும் வசதியில் இது ஃபார்ம்ஸைவிட ஆழமானது, கண்டிப்பானதும்கூட. புதிரின் திருத்தப் பக்கத்தில் கேள்விகளை இழுத்து வரிசை மாற்றலாம். மதிப்பெண்ணை அங்கேயே தட்டி மாற்றலாம். பகுதித் தலைப்புகள் வைத்து, ஒரு பகுதியை மட்டும் கலைத்து மற்றதை வரிசையாக விடலாம். கருத்துணர்தல் பத்தியும் அதன் ஐந்து கேள்விகளும் சேர்ந்தே நிற்க வேண்டும், இலக்கணக் கேள்விகள் கலையலாம் என்றால் இந்த வசதிக்கு ஈடில்லை.

ஆனால் ஒரே ஒரு மாணவர் புதிரைத் தொடங்கிவிட்டாலும் கட்டமைப்பு பூட்டிக்கொள்ளும். கேள்வியைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. முதன்முறை பார்ப்பவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்து, எல்லா முயற்சிகளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். 31 பிள்ளைகளின் உழைப்பு அதோடு போகும். அதற்குத் தேவையே இல்லை. பூட்டிய பிறகும் மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

விடை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் கேள்வியைத் திருத்தத் திறந்து, 'ஆ'வுக்கு 100 விழுக்காடும் 'இ'க்கு வெறுமையும் கொடுத்துச் சேமிக்கவும். பிறகு முடிவுகள் பக்கத்தில் 'ரீகிரேட்', அதாவது மறுமதிப்பீடு. அதற்கு முன் 'டிரை ரன்' என்றொரு பொத்தான் இருக்கிறது. மதிப்பெண்ணை மாற்றாமலே யாருக்கு என்ன மாறும் என்று காட்டும். அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்வது நல்ல பழக்கம். இரண்டு விடைகளும் பொருந்தும் என்று பிறகு தெரிந்தால் இரண்டுக்கும் 100 விழுக்காடு கொடுத்து மறுமதிப்பீடு செய்யலாம். ஒற்றை விடைக் கேள்வியிலும் இதற்கு அனுமதி உண்டு. கேள்வியே அடிப்படையில் தவறு என்றால் திருத்தப் பக்கத்தில் அதன் மதிப்பெண்ணை 0 ஆக்குங்கள். கேள்வி அங்கேயே நிற்கும், ஆனால் கணக்கில் வராது. எல்லார் மொத்தமும் தானாகச் சீராகும்.

செய்யக்கூடாதது ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியில் விடைத் தெரிவு ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ. தெரிவுகளின் எண்ணிக்கை மாறினால் பழைய முயற்சிகளைப் புதிய வடிவத்தோடு மூடுலால் பொருத்த முடியாது, மறுமதிப்பீடு மறுக்கப்படும். தவறான தெரிவின் எழுத்தை அதே இடத்தில் மாற்றலாம், வரியைத் தொடக்கூடாது. ஃபார்ம்ஸில் எழுத்தைத் தொடாதே, எண்ணிக்கை பரவாயில்லை. இங்கே நேர் எதிர். இரண்டையும் பயன்படுத்தும் ஆசிரியர்கள் குழம்பும் இடம் இதுதான்.

2022-இல் வந்த 4.0 பதிப்பில் கேள்விகளுக்குப் பதிப்பு எண் வந்தது. கேள்வியைத் திருத்திச் சேமித்தால் பழையது அழிவதில்லை. அது முதல் பதிப்பாக நிற்க, திருத்தியது இரண்டாம் பதிப்பாகிறது. புதிரில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் உள்ள கீழ்விரியில் 'எப்போதும் அண்மையது' என்றோ குறிப்பிட்ட பதிப்பு என்றோ தேர்ந்தெடுக்கலாம். பல பள்ளிகள் பகிரும் வங்கிக்கு இது பெரிய வரம். எல்பில் ஆசிரியர் ஒரு கேள்வியைத் தம் வகுப்புக்கு எளிமையாக்கினால், ஹீவுட் ஆசிரியர் தம் புதிரை முதல் பதிப்பிலேயே நிறுத்திக்கொள்ளலாம். கேள்வியை வரைவு நிலையில் வைக்கவும் முடியும். இன்னொருவர் பார்த்து 'தயார்' என்று மாற்றும்வரை அது மாணவர் புதிருக்குள் போகாது. ஐந்து பேர் எழுதும் வங்கிக்கு இந்த ஒரு பழக்கமே பாதிப் பிழையைப் பிடிக்கும்.

2025-இல் வந்த 5.0 பதிப்பில் கேள்வி வங்கி இடம் மாறியிருக்கிறது. பாடத்தின் வகைமைகளில் கிடந்த கேள்விகள், இப்போது பாடத்துக்குள் ஒரு தனி நடவடிக்கையாக வைக்கப்படும் வங்கிக்குள் இருக்கும். மேம்படுத்திய மறுநாள் "கேள்வியெல்லாம் காணோம்" என்று குழுவில் வந்தால் பதற வேண்டாம், இடம்தான் மாறியிருக்கும். புதிதாக நிறுவுவோர், 2024 அக்டோபரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 4.5-இல் தொடங்குவது பாதுகாப்பு. பள்ளித் தவணையின் நடுவில் பதிப்பு மாற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

தோட்டப்புறத்துக்கு மூடுலிடம் இன்னொரு நன்மை உண்டு. அதன் கைப்பேசிச் செயலியில் புதிரை இணையமில்லாமல் செய்ய அனுமதிக்கலாம்: பள்ளியின் அருகலையில் (வைஃபை) இறக்கிக்கொண்டு, வீட்டில் விடையளித்து, மறுநாள் பள்ளியில் ஒத்திசைக்கலாம். இதற்கு நேரக் கட்டுப்பாடு வைக்கக்கூடாது. விடைக்குப் பின்னூட்டம் இறுதியில்தான் வர வேண்டும். நேரம் வைத்த சோதனைக்கு இது ஒத்துவராது, வாரப் பயிற்சிக்கு ஒத்துவரும்.

மாறாக, மூடுலின் கேள்விப் படிவம் நீளமானது. தெரிவு விடைக் கேள்வி ஒன்றைத் திறந்தால் ஐந்து விடைப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் விழுக்காடு, ஒவ்வொன்றுக்கும் பின்னூட்டம் என்று பக்கம் கீழே போய்க்கொண்டே இருக்கும். திறன்பேசியில் இதைச் செய்வது வேதனை. விடைகளைக் கலைக்கும் அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது, கேள்வியிலும் புதிரிலும்; இரண்டும் திறந்திருந்தால்தான் கலையும். கலைத்தால் 'மேற்கண்ட அனைத்தும்' என்ற தெரிவு முதல் இடத்துக்கு ஏறி உளறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுத்துக் கோப்பாக எழுதி ஏற்றுவது

நீளமான படிவத்தைத் தவிர்க்க வழி உண்டு. கேள்விகளைச் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி மூடுலுக்குள் மொத்தமாக ஏற்றலாம். ஏக்கன் என்ற வடிவம் மிக எளிது. ஆனால் விடைத் தெரிவுகளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும், கடைசி வரியில் 'ஆன்சர்' என்ற ஆங்கிலச் சொல் முழுக்கப் பெரிய எழுத்திலும் வர வேண்டும். 'அ, ஆ, இ, ஈ' என்று எழுதிப் பழகிய கைகள் இங்கே தடுமாறும். கிஃப்ட் என்ற வடிவமே தமிழுக்கு வசதி, ஏனென்றால் அதில் குறியீடுகள் மட்டும்தான். ஒரு கேள்வி இப்படி இருக்கும்:

::ஆ5-இலக்கணம்-07:: 'அந்த' என்ற சுட்டை அடுத்துப் 'பையன்' வந்தால் எப்படி எழுத வேண்டும்? {=அந்தப் பையன் ~அந்த பையன் ~அந்தம் பையன் ~அந்தன் பையன்}

இரட்டை முக்காற்புள்ளிகளுக்கு நடுவே இருப்பது கேள்வியின் பெயர், சமக்குறி சரியான விடை, அலைக்குறி தவறான விடை. அவ்வளவுதான். 30 கேள்வியைப் பத்து நிமிடத்தில் கண்ணால் ஓட்டிச் சரிபார்க்கலாம்; படிவத்தில் 30 பக்கம் திறந்து மூட வேண்டும்.

ஏற்றும்போது தடுக்கும் இடங்கள் இவை. கேள்விகளுக்கு இடையில் ஒரு வெற்று வரி கட்டாயம். கேள்விக்குள் வெற்று வரி கூடாது. கருத்துணர்தல் பத்தியை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால் மூடுல் அதை இரண்டு கேள்வியாக எண்ணிப் பிழை காட்டும். கணிதத்தில் விடைக்குள் சமக்குறி வந்தால் அதைப் புதிய விடையின் தொடக்கம் என்று கொள்ளும். முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும். எக்செலில் ஒரே கட்டத்துக்குள் பல வரி வைத்து நகலெடுத்தால் சுற்றிலும் இரட்டை மேற்கோள்குறி ஒட்டிக்கொண்டு வரும், எனவே ஒரு கேள்வி ஒரே வரியில் இருக்கட்டும். கோப்பை யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பிலிருந்து நோட்பேட் இதைத் தானாகவே செய்கிறது. எக்செலில் இருந்து சி.எஸ்.வி. எடுக்கும்போதோ யு.டி.எஃப்.-8 என்று பெயரில் இருக்கும் வகையைத் தேடித் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். படங்கள் கிஃப்டில் போகாது. வடிவியல் கேள்விக்கான படங்களை ஏற்றிய பிறகு கையால் சேர்க்க வேண்டும்.

தமிழ் எழுத்து செய்யும் வேலை

எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும், குறுவிடைக் கேள்வியில் ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. இதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பிள்ளை சரியாக எழுதியும் தவறு வாங்குகிறது.

'ஆத்திசூடியை இயற்றியவர் யார்?' விடை: ஔவையார். 'ஔ' என்பது யுனிகோடில் ஒரே எழுத்து. ஆனால் திறன்பேசி விசைப்பலகையில் பல பிள்ளைகள் 'ஒ' தட்டி அடுத்து 'ள' தட்டுகிறார்கள். திரையில் 'ஒளவையார்' என்று வரும். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இவை முற்றிலும் வேறு சொற்கள். இதே நிலைதான் பௌர்ணமி, கௌதாரி, வௌவால் எல்லாவற்றுக்கும்.

'கொ' போன்ற எழுத்துகளில் வேறொரு வகை. கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யுனிகோட் இவ்விரண்டையும் சமம் என்று வரையறுத்திருக்கிறது. மூடுலின் குறுவிடைக் கேள்வி ஒப்பிடுவதற்கு முன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, ஆகவே 'கொ'வில் பிரச்சினை இல்லை. 'ஔ'வையும் 'ஒள'வையும் யுனிகோட் சமம் என்று சொல்லவில்லை, ஆகவே மூடுலும் சொல்லாது. பழைய கோப்புகளில் 'ரி'க்குப் பதில் கால் குறியோடு கொக்கி சேர்த்து எழுதப்பட்ட போலி 'ாி' கிடக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பழைய எழுத்துருக்களில் தட்டிய வினாத்தாள்களை யுனிகோடுக்கு மாற்றியவர்கள் இதைத் தேடிப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

கைமருந்து: மூடுலில் அந்தக் கேள்விக்கு 'ஔவையார்', 'ஒளவையார்', 'அவ்வையார்' மூன்றையும் ஏற்கும் விடைகளாகக் கொடுங்கள். கடைசி வடிவுக்கு முழு மதிப்பெண்ணா பாதியா என்பது ஆசிரியரின் முடிவு. உடுக்குறி போட்டு '*வையார்' என்று சுருக்க ஆசைப்பட வேண்டாம், 'பாவையார்' என்று எழுதினாலும் சரி என்றாகிவிடும். ஃபார்ம்ஸில் ஏற்கும் விடைகளை அதேபோல் அடுக்கிவிட்டு, 'மற்ற விடைகள் அனைத்தும் தவறு' என்ற பெட்டியைக் குறிக்காமல் விடுங்கள். பிறகு கட்டுக் கட்டாகப் பார்த்து மதிப்பெண் போடலாம்.

வகுப்பறை விளையாட்டுச் செயலிகள்

கஹூட், வேகிரவுண்ட் (2025 வரை இதன் பெயர் குவிசிஸ்) இவையெல்லாம் வகுப்பில் பத்து நிமிடம் உற்சாகமூட்ட நல்லவை. மதிப்பெண் பதிவுக்கு இவற்றை நம்பக்கூடாது. கஹூட்டின் கேள்விப் பெட்டிக்கு 120 குறி எல்லை. தமிழில் புள்ளியும் கொம்பும் தனிக் குறிகளாக எண்ணப்படும்; 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறி. ஒரு திருக்குறளும் அதன் மேல் ஒரு கேள்வியும் அந்தப் பெட்டிக்குள் அடங்குவது கடினம். எச்5பி வேறு வகை, அழகான பயிற்சிகள் செய்யலாம். ஆனால் விடை சரிபார்ப்பு மாணவரின் உலாவியிலேயே நடப்பதால் விடைகள் பக்கத்துக்குள்ளேயே கிடக்கும். பயிற்சிக்குப் போதும், சோதனைக்கு ஆகாது.

எதை எடுப்பது

மூடுலைக் கவனிக்க இரண்டு பேர் இல்லையென்றால் ஃபார்ம்ஸ். ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவர் மாற்றலானால் மற்றவர் கையில் கடவுச்சொல்லும் காப்புநகலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் இருந்தால், வாரப் புதிரை ஃபார்ம்ஸிலேயே விட்டுவிட்டு, தவணைச் சோதனையையும் பகிரும் வங்கியையும் மூடுலுக்குக் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடுலுக்கு மாற்றுவது நல்லதல்ல. பெற்றோர் கைக்குப் பழகிய இணைப்பை ஏன் பறிக்க வேண்டும்?

எந்த வழியானாலும் கேள்விகளின் தாய்க்கோப்பு மென்பொருளுக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கூகுள் ஷீட். ஒரு வரிக்கு ஒரு கேள்வி. நெடுவரிசைகள்: கேள்விப் பெயர், ஆண்டு, டி.எஸ்.கே.பி. என்ற கலைத்திட்டத் தர ஆவணத்தின் கற்றல் தர எண், அடைவுநிலை 1 முதல் 6 வரை, கேள்வி, சரியான விடை, மூன்று தவறான விடைகள், சரிபார்த்தவர், கடைசியாகத் திருத்திய நாள். இதிலிருந்து ஓர் ஒட்டுச் சூத்திரத்தால் கிஃப்ட் வரியை எடுக்கலாம், கூகுளின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கொண்டு ஃபார்ம்ஸையும் உருவாக்கலாம். ஸ்கிரிப்டில் ஒரு குறை உண்டு: தெரிவு விடைக்குச் சரியானதைக் குறிக்க அதற்குத் தெரியும், குறுவிடைக்குத் தெரியாது. குறுவிடைக் கேள்விகளின் விடைக்குறிப்பைக் கையால்தான் போட வேண்டும்.

ஏற்கெனவே மூடுல் வைத்திருக்கும் பள்ளிக்கு, நிரல் எழுதத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் உதவ முன்வந்தால் புதிய நிறங்களும் முகப்பும் கேட்க வேண்டாம். குறுவிடை ஒப்பீட்டில் 'ஒள'வையும் 'ஔ'வையும் சமமாக்கும் ஒரு சிறு செருகியைக் கேளுங்கள். மூடுலின் மூலக் கோப்பைத் தொடக்கூடாது, தனிக் கேள்வி வகையாக எழுத வேண்டும். இல்லையேல் அடுத்த மேம்பாட்டில் அழிந்துபோகும். 'ெ' குறிக்குப் பின் 'ள' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ௌ' ஆக்கிவிடக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்: 'வெள்ளி', 'தெளிவு', 'கெளுத்தி' எல்லாம் உடைந்துவிடும். 'ள'வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு என்பது விதி. அப்போதும் 'வெளவெளத்து' போன்ற ஒன்றிரண்டு சொற்கள் தப்பாக மாறும். ஆகவே இந்த மாற்றம் ஒப்பிடும் கணத்தில் மட்டும், இரண்டு பக்க விடைக்கும் சேர்த்து நடக்கட்டும். பிள்ளை தட்டிய விடை தட்டியபடியே சேமிக்கப்படட்டும்.